பள்ளிக்கூடத்துக்கு வந்த சீர்

பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் தாய்வீட்டிலிருந்து சீர் போகும், வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீர் வரும். பள்ளிக்கூடத்துக்கும் சீர் வைப்பார்கள் என்பது பாகூர்ப் பக்கம் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். முதலில் கேட்டபோது, வாட்ஸ்அப்பில் கிளம்பிய புதுக் கூத்து என்று சிரித்தேன். அப்புறம் பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் நிறைய ஊர்களில் நடக்கிறது. மேளதாளத்தோடு தட்டெடுத்து, பீரோ, நாற்காலி, மின்விசிறி என்று எல்லாவற்றையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறார்கள். பள்ளிக்கூடம் நம் வீட்டுப் பெண், நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று அர்த்தம். நல்ல எண்ணம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

எங்கள் பள்ளிக்கூடம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் கரும்புக் கொல்லையைத் தாண்டினால் காலனி. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து, கால் கழுவத் தண்ணீர் தேடினால் குழாயில் காற்று வரும். அறைகளில் ஒன்று ஒழுகும். இருந்த ஒரே மின்விசிறி சுற்றும்போது போடும் சத்தத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது காதில் விழாது. நிறுத்தினால் வேர்வையில் எனக்கே நான் சொல்வது புரியாது. மூத்த டீச்சர் என்பதால் தலைமைப் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. துறைக்கு எழுதினேன், கொம்யூன் பஞ்சாயத்துக்கும் எழுதினேன். பதிலெல்லாம் மரியாதையாகத்தான் வந்தது.

நான் போய்ச் சேர்ந்த முதல் நாள் ஊரில் ஒரு வீட்டில் காபிக்குக் கூப்பிட்டார்கள். "டீச்சருக்கு டவுன்ல எந்தப் பக்கம்?" என்றார்கள். சொன்னேன். "அதுல எந்தத் தெரு?" சொன்னேன். "பூர்வீகம்?" தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கடைசியில் அவர்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, காபி வந்தது. பதில் வேறாக இருந்திருந்தால் காபி எதில் வந்திருக்கும் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். யோசித்ததோடு சரி, மறுநாள் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிள்ளைகளிடம் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஒரே மாங்காயை ஆளுக்கொரு கடி கடித்தார்கள். மதியச் சாப்பாடு வேனில் வந்து இறங்கியதும் யார் முதலில் தட்டு நீட்டுவது என்று அடித்துக்கொண்டார்கள். மூலையில் விளிம்பு உடைந்த ஒரு பிளாஸ்டிக் குடமும் டம்ளரும் இருந்தன. அந்த ஒரே டம்ளரில் எல்லோரும் எச்சில் பண்ணிக் குடித்தார்கள். தூக்கிக் குடியுங்கள் என்று நான் கத்தியது சுத்தத்துக்காக மட்டும்தான்.

காலனியில் ஒரு தாய். நடவுக்கும் களைக்கும் போகிறவள். விடிவதற்குள் வேலைக்கு ஏற்றிப் போகும் டாடா ஏசில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அவளுடைய ஒரே மகள் எங்களிடம் இரண்டாம் வகுப்பு படித்தாள். வேலை இல்லாத நாட்களில் அந்தத் தாய் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வா என்றால் வர மாட்டாள். ஜன்னல் வழியாக மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். ஒரு நாள், என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"நான் படிக்கச் சொல்லோ எங்கள கடைசில தனியா உக்கார வச்சாங்க டீச்சர். நாலாவதோட நின்னுட்டேன். இது எல்லாப் புள்ளைங்களோட கலந்து உக்காந்துகினு கீது பாருங்க. அதப் பாக்கத்தான் வர்றேன். அது படிச்சி கலெக்டரு ஆவணும்னுலாம் எனக்கு இல்ல. இப்டியே உக்காந்து படிச்சா போதும்."

இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆனால் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். ஊரில் கொஞ்சம் கையில் காசு புரண்டதும் தனியார் பள்ளி மஞ்சள் வேன் வாசலுக்கு வந்தது. இன்னும் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்து ஊர் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். அங்கே எல்லாத் தெருவும் சேர்ந்த பெரிய பள்ளிக்கூடம், எங்கள் ஊரை ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளையைக் கூட்டிப்போய் அந்தச் சாலையைக் கடத்திவிட முடியாது.

அப்போதுதான் ஊர்ப் பெரியவர் ஒருவர் சீர் யோசனையோடு வந்தார். அவர் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவர், நெல்லும் கரும்பும் போடுகிறவர், சொந்த டிராக்டர் வைத்திருப்பவர். அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம்தான் படித்தார்கள். நல்ல மனுஷர். கிண்டலுக்காக இப்படிச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல மனுஷர். ஒழுகுகிற கூரைக்குத் தன் செலவில் தார்ப்பாய் போட்டவர் அவர்தான்.

"சீர் வச்சி போட்டோ புடிச்சி போட்டா மேல இருக்கறவன் யோசிப்பான் டீச்சர். ஊரே பின்னாடி நிக்குது, இத மூடலாமான்னு யோசிப்பான். எங்க வூட்டுப் பொண்ணு டீச்சர் இந்தப் பள்ளிக்கூடம். வுட்டுடுவமா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் கூடிப் பேசியது. பீரோ ஒரு வீடு, நாற்காலிகள் ஒரு வீடு, மின்விசிறிகள் வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் என்று மளமளவென்று முடிவானது. சேதி கரும்புக் கொல்லையைத் தாண்டிப் போக நேரமாகவில்லை. மறுநாளே அந்தத் தாய் வாசலில் நின்றாள்.

"நாங்களும் ஒரு தட்டு எடுத்தாறலாமா டீச்சர்?"

"இது என்ன கேள்வி? உங்கள் பள்ளிக்கூடமும்தானே இது?" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பெரியவரிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம், "வச்சிக்கட்டும் டீச்சர், காலம் மாறிப் போச்சு" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சீருன்னா மாமன் மச்சான் வைக்கறது. அவங்களும் நாங்களும் ஒரே பொண்ணுக்குச் சீர் வச்சா, அவங்களுக்கும் எங்களுக்கும் இன்னா மொற டீச்சர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். தமாஷ் என்று நினைத்தேன்.

சீர் வந்த நாளில் ஊரே தெருவில் நின்றது. திரௌபதியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துக் கிளம்பினார்கள். முன்னால் மேளம். நடுவில் பட்டுப்புடவை கட்டிய பெண்கள் பழத்தட்டு, பூத்தட்டு, இனிப்புத்தட்டு எடுத்து வந்தார்கள். பின்னால் டிராக்டரில் பீரோவும் நாற்காலிகளும் மாலை போட்டுக்கொண்டு நின்றன. எனக்குக்கூட ஒரு தட்டில் புடவை இருந்தது. கரும்புக் கொல்லைப் பக்கமிருந்து காலனிப் பெண்கள் வந்து ஊர்வலத்தின் கடைசியில் சேர்ந்தார்கள். அந்த ஊரின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நடந்து மேளம் அடித்த வீட்டுப் பெண்கள் அவர்கள். சீருக்குப் பின்னால் தட்டோடு நடந்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தாய் தலையில் ஒரு பெரிய எவர்சில்வர் தண்ணீர் டிரம்மைச் சுமந்து வந்தாள். அடியில் குழாய் வைத்தது. கல்யாண மண்டபங்களில் இருக்குமே, அந்த மாதிரி. நடவுக் கூலியில் எல்லாப் பெண்களும் சேர்ந்து போட்டு, பாகூர் பாத்திரக்கடையில் வாங்கியது. குழாயில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். தேய்த்த தேய்ப்பில் என் முகம் அதில் தெரிந்தது.

"புள்ளைங்க ஒடஞ்ச கொடத்துல குடிக்குதுங்க டீச்சர். அதான் இத வாங்கனோம்" என்றாள்.

எல்லாத் தட்டையும் இரண்டு கையாலும் வாங்கினேன். அதையும் அப்படித்தான் வாங்கினேன். போட்டோ எடுத்தார்கள். மண்டபத்தில் வைப்பது போல வாசல் பக்கத்துப் பெஞ்சில் டிரம்மை ஏற்றி, தண்ணீர் நிரப்பினோம். குழாயைத் திருகினால் தண்ணீர் வருவது பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் போய்விட்டது. தாகம் இருக்கிறதோ இல்லையோ, வரிசை கட்டி நின்று எல்லோரும் குடித்தார்கள். பெரியவரின் பேத்தி வாய் நிறையப் பிடித்து மற்றவர்கள் மேல் துப்பி என்னிடம் அடி வாங்கினாள். அந்தத் தாய் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பெரியவரின் பேத்தி கழுத்தில் வாட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். நான் கவனிக்கவில்லை. மறுநாள் இன்னும் சிலர். அந்த வாரக் கடைசியில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோர் கழுத்திலும் பாட்டில். தாய்மார்களைக் கேட்டேன். ஒருத்தி, பிள்ளைக்குச் சளி, வெந்நீர் கொடுத்தனுப்புகிறேன் என்றாள். ஒருத்தி, கேன் தண்ணீர்தான் டாக்டர் குடிக்கச் சொன்னார் என்றாள். இன்னொருத்தி, "எல்லாரும் குடுக்கறாங்க டீச்சர், எம்புள்ள மட்டும் கேட்டு அழுவுது" என்றாள். இவள் ஒருத்திதான் பாதி உண்மை பேசினாள்.

உடைந்த குடத்தில் வருஷக்கணக்காகக் கலந்து குடித்த பிள்ளைகள்தான் இவர்கள். அந்தக் குடம் சர்க்கார் குடம், யாருடையதும் இல்லை. டிரம் காலனிக்காரர்கள் கொடுத்தது. கொடுத்தது மட்டுமா, சீராகக் கொடுத்தது. அதில் குடித்தால் உறவை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விக்கு ஊர் இப்போது பாட்டிலால் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இது என் மண்டையில் ஏற நாளாயிற்று. ஏறியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்பீஸ் டப்பாவை எறிந்தேன், பாவம், அது என்ன செய்யும்.

பெரியவர் வீட்டுக்கே போனேன். அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். எங்க வூட்டுப் பொம்பளைங்க சொல்றாங்க. நான் இன்னா பண்றது?" அப்புறம், "அத ஆபீஸ் ரூம்ல எடுத்து வச்சிடுங்களேன். பத்திரமா இருக்கும். பழைய மாதிரி ஒரு கொடம் நானே வாங்கித் தர்றேன்" என்றார்.

"முடியாது" என்றேன். காபி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்கும் பாட்டில் வைத்தியம் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது.

என் வீம்பு எத்தனை நாள் நின்றிருக்குமோ தெரியாது. நிறுத்தியவள் அந்தத் தாய்தான். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாசல் தாண்டி உள்ளே வந்தாள்.

"அத எடுத்து உள்ள வச்சிடுங்க டீச்சர்."

"ஏன் வைக்க வேண்டும்? நீங்கள் கொடுத்ததில் என்ன குறை?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு மனத்தாங்கலும் இல்ல. புள்ளைங்க பூடுச்சின்னா எம்பொண்ணு யாரோட உக்காரும்? அவங்க நின்னா போதும் டீச்சர். உள்ள வச்சிடுங்க."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளே டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றினாள். முந்தானையால் துடைத்தாள். இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். ஆபீஸ் அறையில் பழைய தேர்வுத்தாள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இடம் காட்டினேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டீச்சர் அழுதால் பிள்ளைகள் பயப்படும் என்பதால் சத்தம் வராமல் அழக் கற்றிருந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் அப்புறம் நடந்தது. டிரம் உள்ளே போயும் ஊரின் மனசு பழையபடி திரும்பவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது மஞ்சள் வேன் பெரியவர் வீட்டு வாசலில்தான் முதலில் நின்றது. "இங்கிலீஷு வரணும் டீச்சர், காலத்துக்குத் தக்கன மாறணுமில்ல" என்றார். நம் பள்ளியிலும் அரசாங்கமே சிபிஎஸ்இ பாடத்தைக் கொண்டுவந்துவிட்டதே என்றேன். "வந்துச்சி, வந்துச்சி" என்று தலையாட்டினார். அவர் பின்னால் மற்ற வீடுகளும் போயின. யாரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டையில்லை, சச்சரவில்லை. கேஸ் போட வேண்டுமென்றால்கூட என்னவென்று போடுவது? பாயில் காலனிப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வாங்குகிற அளவுக்கு இடம் இருந்தது. புது மின்விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றின.

அந்தத் தாய் ஜன்னலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருஷமே பள்ளியைச் சேர்க்கும் உத்தரவு வந்தது. சாமான்களை எடுத்துப்போகத் துறை வண்டி வருமுன் ஊர்க்காரர்கள் வந்தார்கள். சீராக வைத்ததை வெளியூர்ப் பள்ளிக்கு விடுவது சரியில்லை, கோயிலுக்கு ஆகட்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்று விறைப்பாகச் சொன்னேன். எழுதியே கொடுத்தார்கள். மின்விசிறியைக் கழற்ற வந்தவர்கள் கூரையில் விட்டுப்போன கொக்கிகளைப் பார்க்கப் பிடிக்காமல் நான் வெளியே நின்றேன்.

காலனிக்கு ஆள் அனுப்பி, உங்கள் டிரம்மையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தத் தாய் வந்தாள். கையைக்கூட நீட்டவில்லை.

"பொண்ணு வாழாவெட்டியா வந்து நின்னாத்தான் சீரத் திருப்பி எடுத்தாருவாங்க டீச்சர். நாங்க அந்த மாதிரி நெனச்சி வைக்கல. எங்கியாவது புள்ளைங்க குடிக்கட்டும்."

என்னையும் அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கே மாற்றினார்கள். டிரம்மை ஒரு ஆட்டோவில் என் காலடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே தலைமையாசிரியருக்கு ஒரே சந்தோஷம். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடையில் மேசை போட்டு வைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதில்தான் குடித்தார்கள். இடைவேளை மணி அடித்தால் தள்ளுமுள்ளு. குழாயடியில் எப்போதும் ஈரம்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு அற்பத் திருப்தி. எங்கள் ஊரைப் பழிவாங்கிவிட்ட மாதிரி இருந்தது. அந்தத் தாயைக் கூட்டிவந்து இந்தக் கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மகளும் அங்கேதான் வந்தாள். காலனியிலிருந்து நாலைந்து பிள்ளைகளை ஒரு பாட்டனார் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், இவள் மட்டும் விடாமல் வந்தாள். நன்றாகப் படித்தாள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்தால், இவள் வட்டத்தைவிட்டு ஒரு கை தள்ளி உட்காருவாள். நான் கூப்பிட்டு நடுவில் உட்காரவைப்பேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பழைய இடத்துக்குப் போயிருப்பாள்.

ஒரு வெயில் நாளில் இடைவேளை முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு அவள் மட்டும் நடையில் நின்றாள். கையில் ஒரு பழைய ஜூஸ் பாட்டில், அதில் ஒரு சொட்டுகூட இல்லை. உதடு காய்ந்திருந்தது. டிரம் அவளுக்குப் பக்கத்தில் நிரம்பியிருந்தது.

"தண்ணி குடிக்கலியா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். "வூட்டுக்குப் போயி குடிக்கறேன் டீச்சர். அங்க போயி எதையும் தொடாத, எதுலயும் குடிக்காதன்னு எங்கம்மா சொல்லிச்சு."

எனக்குத் தாங்கவில்லை. டம்ளரை எடுத்து நானே பிடித்தேன். "அடி பைத்தியமே, இது யாருடையது தெரியுமா? உங்கள் அம்மா வாங்கிக் கொடுத்தது. தலையில் தூக்கிக்கொண்டு வந்தாளே, மறந்துவிட்டதா? குடி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. வகுப்பு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் புடவையைப் பிடித்து இழுத்து, காதைக் கிட்டக் கொண்டுவரச் சொல்வது போல ஜாடை காட்டினாள். குனிந்தேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர். மெதுவா பேசுங்க. தெரிஞ்சா இவங்களும் பூடுவாங்க."